தபால் தலையளவு களஞ்சியம்

புதிதாகக் காமிரா வாங்கும் வீடுகளில் நடக்கும் ஒரு விநோதத்தை நேயர்கள் கவனித்திருக்கக் கூடும். எந்தக் கம்பெனிக் காமிரா, எத்தனை மெகாபிக்ஸல், லென்ஸ் ஒன்றா இரண்டா என்றெல்லாம் மூன்று மாத காலம் மந்திராலோசனை நடக்கும். வீட்டுப் பெரியவர், கல்லூரியில் வாசிக்கும் பையன், பக்கத்து வீட்டு இஞ்சினியர் ஆகிய எல்லோருடைய அபிப்பிராயமும் கேட்கப்படும். கடைசியில் நல்ல நாள் பார்த்துக் கடைக்குப் போய், பணத்தைக் கொடுத்து, காமிராப் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசற்படி வரையில் வந்த பிறகு, "அடடா! இதற்கு ஒரு மெமரி கார்டு வேண்டுமல்லவா?" என்ற ஞாபகம் வரும். "ஏதாவது ஒன்று கொடுங்கள், ஐயா!" என்று கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள். காமிராவுக்கு மூன்று மாதம். கார்டுக்கு மூன்று நிமிஷம்.

நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம். அதனால் நேர்ந்த நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல் கார்டுகளைப் பற்றி நாம் உபதேசம் செய்ய முன்வந்தால், "இந்தப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?" என்று நேயர்கள் கேட்பது நியாயமே.

2016-ஆம் வருஷம் நம் தகப்பனாருக்கு எண்பது வயது நிரம்பியது. திருக்கடவூரில் சதாபிஷேகம் செய்வதென்று ஏற்பாடாயிற்று. அதற்கென்றே காமிரா ஒன்று வாங்கினோம். கார்டு விஷயத்தில், "256 ஜி.பி." என்று மேலே அச்சிட்ட ஒன்று மற்றவற்றின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. கடையின் பெயர் வேண்டாம். கடைக்காரரும் ஏமாந்தவராகவே இருக்கலாம். சாமர்த்தியமாக வாங்கிவிட்டோம் என்ற பெருமையோடு ரயில் ஏறினோம்.

விசேஷம் குறைவின்றி நடந்தது. கோபூஜை, கஜபூஜை, கலசாபிஷேகம், மாலை மாற்றல், பேரன் பேத்திகளின் நமஸ்காரம் எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளினோம். இரவு விடுதியில் சாப்பாடான பிறகு தகப்பனார் நல்ல உற்சாகத்தில் இருந்தார். 1947 ஆகஸ்டு 15-ந் தேதி அவருக்குப் பதினொரு வயது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அன்று கொடி ஏறிய கதையைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். கொடித் துணியைத் தைத்தது யார், கூலி வாங்க மறுத்தது யார், கம்பம் நட இடம் கொடுத்தது யார், முதல் நாள் வரையில் கதர்க் குல்லாயைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்து அன்று காலையில் பகிரங்கமாகப் போட்டுக்கொண்டு வந்தவர் யார் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். நாற்பது நிமிஷம் பேசியிருப்பார். காமிராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. நாம் அந்தப் பெயர்களைக் காதில் வாங்கினோமே தவிர மனத்தில் வாங்கவில்லை. அதுதான் காமிரா வாங்கிக்கொள்கிறதே என்ற தைரியம்!

ஊருக்குத் திரும்பிக் கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தோம். ஜாபிதாவில் எல்லாப் படங்களின் பெயரும் வரிசையாக இருந்தன. காலை கோபூஜை வரையில் படங்கள் திறந்தன. அதற்கு மேல் ஒன்றும் திறக்கவில்லை. சாம்பல் நிறக் கட்டம், பாதிப் படம், பிறகு வெறும் பெயர். நாற்பது நிமிஷப் பேச்சுக்கும் பெயர் இருந்தது, நேரம் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அழிந்த படங்களை மீட்டுத் தரும் நிபுணர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனோம். அவர் கால் மணி நேரம் பரிசோதித்துவிட்டு, "இது 256 ஜி.பி. கார்டே அல்ல, ஸார். எட்டு ஜி.பி. கார்டு. மிச்சமெல்லாம் பொய்" என்றார்.

"படங்கள் நன்றாக வந்திருக்கின்றனவா?" என்று தகப்பனார் கேட்டார். "அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம், அப்பா" என்று சொல்லிவைத்தோம். கதையை இன்னொரு முறை சொல்லச் சொல்லலாம் என்பது நம் எண்ணம். பொங்கலுக்கு, கோடை விடுமுறைக்கு, தீபாவளிக்கு என்று அது தள்ளிக்கொண்டே போயிற்று. 2018-ல் அவர் காலமானார்.

* * *

எட்டு எப்படி இருநூற்றைம்பத்தாறு ஆகும்? கிராமாந்தரங்களில் நிலம் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். நிலம் எட்டு ஏக்கர். பட்டாவில் இருநூற்றைம்பத்தாறு ஏக்கர் என்று எழுதி வைத்திருக்கிறது. வாங்குகிறவர் பட்டாவைப் பார்க்கிறாரே தவிரச் சங்கிலி பிடித்து அளந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு மெமரி கார்டுக்குள்ளும், படங்களைத் தாங்கும் சில்லு தவிர, கணக்குப்பிள்ளை போன்ற இன்னொரு சில்லு உண்டு. காமிரா, "உன்னிடம் எவ்வளவு இடம்?" என்று கேட்டால் பதில் சொல்வது இந்தக் கணக்குப்பிள்ளைதான். மோசடிக்காரர்கள் இதன் கணக்கைத் திருத்திப் பொய் சொல்லப் பழக்கிவிடுகிறார்கள். எட்டு ஜி.பி. நிரம்பும் வரையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன் பிறகு வருகிற படத்தையும், "வந்தது, வைத்துக்கொண்டேன்" என்று முகமலர்ச்சியோடு வாங்கி ஜாபிதாவில் பெயரைப் பதிந்துவிடும். படம் போய்ச் சேருகிற இடந்தான் கிடையாது. சில போலிக் கார்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய், புதிய படத்தைப் பழைய படத்தின் தலையில் எழுதி இரண்டையும் கெடுத்துவிடும். காமிராவுக்கு இந்த விஷயம் ஒன்றும் தெரியாது. ஆகவே அது எச்சரிக்கை செய்வதில்லை.

வருகிற தை மாதம் நம் தாயாருக்கு எண்பது வயது நிறைகிறது. பழைய காமிராவும் ஆயுள் முடிந்து அலமாரிக்குப் போய்விட்டபடியால், புதிதாக ஒன்று வாங்கினோம். இந்தத் தடவை காமிராவுக்கு மூன்று நாளும் கார்டுக்கு மூன்று வாரமும் செலவிட்டோம். அப்போது படித்ததும் விசாரித்ததும் சோதித்ததுமே கீழே வருவன.

* * *

இவ்வளவு சிறிய பொருள் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது? சாதாரணக் காமிராக்களில் போடும் எஸ்.டி. கார்டு 32 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம், 2.1 மில்லிமீட்டர் கனம். எடை சுமார் இரண்டு கிராம். தபால் தலைக்குச் சற்றுத் தடித்த தம்பி என்று சொல்லலாம். அதற்குள் இருக்கும் சிலிகான் சில்லில் கோடானுகோடி நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அறையையும் சுற்றி மின்சாரம் கடக்க முடியாத மெல்லிய சுவர். மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களைச் சுவரைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவை வெளியே வர வழியின்றி அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். எந்த அறையில் எவ்வளவு எலெக்ட்ரான் இருக்கிறதென்பதே எழுத்து. அந்த எழுத்துக்களின் கூட்டமே நம் வீட்டுக் கலியாணப் படம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான புஜியோ மசுவோகா. தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்தவர். 1984-ல் அமெரிக்காவில் கூடிய மகாநாடு ஒன்றில் இதை வெளியிட்டார். இப்போது கார்டுகளில் உபயோகமாகும் 'நாண்ட்' என்ற வகையை 1987-ல் அவர் குழுவினர் அறிவித்தார்கள். ஒரு பெரிய பகுதியை ஒரே வீச்சில் அழிக்க முடிந்ததைப் பார்த்த சக ஊழியர் ஒருவருக்குக் காமிராவின் பிளாஷ் விளக்கு ஞாபகம் வந்ததாம். அதனால் 'பிளாஷ் மெமரி' என்று பெயர் வந்தது என்பார்கள். காமிராவின் விளக்கிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, பிற்பாடு காமிராவின் பிலிம் சுருளையே ஊரைவிட்டு விரட்டிவிட்டது! மசுவோகாவோ தமக்குரிய பங்கு கிடைக்கவில்லையென்று பழைய கம்பெனியின் மீது 2004-ல் வழக்குத் தொடுத்தார். 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசமாயிற்று. உலகம் முழுவதும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பொருளுக்கு அது பெரிய தொகையா சிறிய தொகையா என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு இருக்கிறது. கான்பூரில் பிறந்து, பிலானியில் சிறிது காலம் படித்து, அமெரிக்கா சென்று பெர்க்கிலியில் பட்டம் பெற்ற சஞ்சய் மெஹ்ரோத்ரா, 1988-ல் இலீ ஹராரி, ஜாக் யுவான் என்ற இருவரோடு சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார். முதலில் 'ஸன்டிஸ்க்' என்றும் பிறகு 'ஸான்டிஸ்க்' என்றும் பெயர் பெற்றது அதுவே. அந்தக் கம்பெனியும், தோஷிபாவும், மாட்சுஷிடாவும் கூடி 1999-ல் எஸ்.டி. கார்டை உலகுக்கு அறிவித்தன. அக்காலத்தில் காமிராக் கம்பெனிகள் வெவ்வேறு தினுசு கார்டுகளை வைத்துக்கொண்டிருந்தன. ஸோனிக்கு ஒன்று, ஒலிம்பஸுக்கும் புஜிக்கும் வேறொன்று என்றிருந்த நிலை மாறி, இன்று பெரும்பான்மைக் காமிராக்களில் எஸ்.டி. கார்டே நிலைத்துவிட்டது.

சுதேசிக் கார்டு உண்டா என்று நேயர்கள் கேட்பார்கள். ராஜஸ்தானத்தில் பிவாடி என்ற ஊரில், சஹஸ்ரா என்ற இந்தியக் கம்பெனி 2023-ல் மெமரிச் சில்லுகளை உறையிட்டு உருவாக்கும் வேலையைத் தொடங்கியது. மெஹ்ரோத்ரா இப்போது தலைமை வகிக்கும் மைக்ரான் கம்பெனி, குஜராத்தில் ஸானந்த் என்னுமிடத்தில் ஆலை அமைப்பதாக 2023-ல் அறிவித்து அவ்வருஷமே அடிக்கல் நாட்டியது. இவை இரண்டும் வேலையின் பிற்பகுதிதான். நெல்லை வெளியூரிலிருந்து தருவித்து இங்கே குத்திப் புடைத்து மூட்டை கட்டுவது போன்றது. நாண்ட் சில்லு விளைகிற வயல் இன்னும் நம் நாட்டில் இல்லை. ஜப்பானில் யொக்காய்ச்சி முதலிய ஊர்களிலும், தென் கொரியா, சிங்கப்பூர், சீனா ஆகிய நாடுகளிலும் இருக்கிறது. ஆனாலும் குத்திப் புடைக்கும் வேலையும் வேலைதானே? கைத்தறியும் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

* * *

இனிக் கார்டின் முகத்தில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். மருத்துவர் சீட்டைவிடச் சற்றுத் தெளிவாக இருக்கும். ஆனால் கண்ணுக்கு முதலில் படுகிற பெரிய எழுத்துத்தான் நமக்கு மிகக் குறைந்த உபயோகமுள்ளது என்பதை மறக்கலாகாது.

அநேக கார்டுகளில் வினாடிக்கு 170 மெகாபைட், 200 மெகாபைட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது படிக்கும் வேகம். அதாவது கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படங்கள் போகும் வேகம். அதிலும், யு.எச்.எஸ்.-1 என்ற சாதாரண ஏற்பாட்டில் வினாடிக்கு 104 மெகாபைட்டே உச்ச வரம்பு. அதற்கு மேற்பட்ட வேகம் அந்தந்தக் கம்பெனியார் தனியே விற்கும் கருவியில் போட்டால்தான் கிடைக்கும். காமிராவுக்கு வேண்டியதோ எழுதும் வேகம். காமிரா படம் எடுத்த மாத்திரத்தில் அதைக் கார்டுக்குள் எழுதியாக வேண்டும். எழுதும் வேகம் போதாவிட்டால், சலனப் படம் எடுக்கும்போது பாதியில் நின்றுவிடும். அடுத்தடுத்துப் படம் சுடும்போது காமிரா மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். தாலி கட்டுகிற தருணத்தில் அது மூச்சு வாங்கினால் நாம் புரோகிதரைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

எழுதும் வேகத்தைச் சொல்லும் அடையாளங்கள் சிறியவை. 'ஸி' என்ற ஆங்கில எழுத்தின் வயிற்றுக்குள் 10 என்றிருந்தால் வினாடிக்குப் பத்து மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும். 'யு' எழுத்துக்குள் 1 என்றிருந்தாலும் அதே பத்து. 3 என்றிருந்தால் முப்பது. 'வி' என்ற எழுத்தை அடுத்து 30, 60, 90 என்று போட்டிருந்தால் அந்த எண்ணே மெகாபைட் கணக்கு. இவை உச்ச வேகமல்ல. எவ்வளவு சோர்ந்தாலும் இதற்குக் கீழே போகமாட்டேன் என்ற வாக்குறுதி. 'ஏ1', 'ஏ2' என்ற அடையாளங்கள் கைப்பேசிகளுக்காக ஏற்பட்டவை. காமிராக்காரர் அவற்றுக்காக அதிகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நமக்கு எந்த எண் வேண்டும்? இங்கே சிறிது கணக்குப் போடத்தான் வேண்டும். நம்முடைய காமிரா 24 மெகாபிக்ஸல் காமிரா. உயர்ந்த தரமான '4கே' சலனப் படத்தை வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் எழுதுகிறது. பிட் வேறு, பைட் வேறு. எட்டுப் பிட் ஒரு பைட். ஆகவே 100-ஐ எட்டால் வகுத்தால் வினாடிக்கு பன்னிரண்டரை மெகாபைட். பத்து மெகாபைட் வாக்குறுதி போதாது; முப்பது தாராளம். 'வி30' கார்டு போதுமென்று தீர்மானித்தோம். வினாடிக்கு 400 மெகாபிட் எழுதும் விலையுயர்ந்த காமிராவாக இருந்தால் ஐம்பது மெகாபைட் ஆகிறது. அதற்கு 'வி60' வேண்டும். காமிராவோடு வரும் புஸ்தகத்தில் இந்த விவரம் இருக்கும். அந்தப் புஸ்தகத்தை உறை பிரிக்காமல் அலமாரியில் வைப்பது நம்மவர்களின் வழக்கம். ஒரு முறை பிரித்துப் பார்ப்பது நலம்.

கார்டின் முதுகில் தங்க நிறப் பட்டைகள் ஒரு வரிசையாக இருந்தால் யு.எச்.எஸ்.-1, இரண்டு வரிசையாக இருந்தால் யு.எச்.எஸ்.-2. இரண்டாவது வகை வினாடிக்கு 312 மெகாபைட் வரை போகக்கூடிய பாதை. ஆனால் காமிராவின் துவாரத்தில் ஒரு வரிசைக்கு மட்டுமே இடமிருந்தால், அந்த விலையுயர்ந்த கார்டும் ஒற்றையடிப் பாதையில் போகும் மோட்டார் மாதிரி மெதுவாகத்தான் போகும். கெடுதல் ஒன்றுமில்லை, காசுதான் வீண். இவையன்றி, சில பெரிய காமிராக்களுக்கு 'சி.எப். எக்ஸ்பிரஸ்' என்ற வேறு உருவமுள்ள கார்டு வேண்டியிருக்கிறது. அவற்றை வாங்குகிறவர்கள் நம் ஆலோசனையை எதிர்பார்ப்பவர்கள் அல்லர்.

அளவு விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை உண்டு. பழைய காமிரா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். வெறும் எஸ்.டி. என்பது 2 ஜி.பி. வரையில், எஸ்.டி.எச்.சி. என்பது 2006-ல் ஏற்பட்டது, 32 ஜி.பி. வரையில், எஸ்.டி.எக்ஸ்.சி. என்பது 2009-ல் ஏற்பட்டது, அதற்கு மேல். உருவம் ஒன்றேயானாலும் 2009-க்கு முற்பட்ட காமிராவில் 64 ஜி.பி. கார்டைப் போட்டால் அதற்கு ஒன்றும் புரியாது. தாத்தாவிடம் பேரன் பேசும் பாஷை மாதிரிதான்.

புதுக் காமிராவுக்கு எவ்வளவு பெரிய கார்டு? ஒரு படம் சுமார் 10 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் 64 ஜி.பி. கார்டில் 6,400 படங்கள் பிடிக்கும். பழைய பிலிம் சுருளில் 36 படம். ஆகவே இந்த ஒரு கார்டு 177 சுருளுக்குச் சமானம்! சலனப் படமானால் நம் கணக்குப்படி எண்பத்தைந்து நிமிஷம். இது போதாதா? போதும். கார்டு பெரிதாக இருந்தால் மாற்ற வேண்டிய தொல்லையில்லை என்பார்கள். கல்யாணக் கூடத்தில் சிறிய கார்டுகளைக் கீழே போட்டுத் தேடுகிற தொல்லையும் மெய்தான். இருந்தாலும், வருஷத்து நெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைத்தால், அந்தக் குதிரில் எலி புகுந்த அன்று என்ன ஆகும் என்பதை ஒரு முறை பார்த்துவிட்டவர்கள் நாம். 128 ஒன்றுக்குப் பதிலாக 64 இரண்டாக வாங்கினோம். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று.

மைக்ரோ எஸ்.டி. என்ற கடுகளவு கார்டை ஒரு கூட்டில் வைத்துக் காமிராவில் போடலாம். விலை சற்றுக் குறைவு. ஆனால் கார்டுக்கும் கூட்டுக்கும் ஒரு சேர்க்கை, கூட்டுக்கும் காமிராவுக்கும் ஒரு சேர்க்கை. மின்சாரத்தில் சேர்க்கைகள் பெருகப் பெருகக் கோளாறுகளும் பெருகும். முழு உருவக் கார்டே காமிராவுக்கு ஏற்றது என்பது நம் அபிப்பிராயம்.

* * *

கார்டு வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம் என்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கார்டை அளந்து பார்க்க வேண்டும்.

இரசீதோடு, கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குவது முதற்படி. கம்ப்யூட்டர் மூலம் வாங்கினால், விற்பவர் யார் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்க வேண்டும். பெயர் பெற்ற அங்காடியின் முகப்பில் எவரெவரோ கடை விரித்திருப்பார்கள். ஆனால் இந்த ஜாக்கிரதை மட்டும் போதாது. உறையையும் முத்திரையையும் கூட அச்சாக நகல் செய்துவிடுகிறார்கள். நல்ல கடைக்காரரும் ஏமாறுகிறார். சங்கிலி பிடித்து அளப்பது ஒன்றே நிச்சயமானது. இதற்கு இலவசமாகக் கிடைக்கும் நிரல்கள் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 'எச்-2-டெஸ்ட்-டபிள்யூ' என்று ஒன்று. ஜெர்மனியில் ஒரு கம்ப்யூட்டர்ப் பத்திரிகையைச் சேர்ந்தவர் எழுதியது. லினக்ஸுக்கும் மாக்குக்கும் 'எஃப்-3' என்று ஒன்று. இவை என்ன செய்கின்றனவென்றால், வெற்றுக் கார்டின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரையில் தாமறிந்த எழுத்துக்களை எழுதி நிரப்புகின்றன. பிறகு முதலிலிருந்து திரும்பப் படித்துப் பார்க்கின்றன. எழுதியதும் படித்ததும் ஒத்திருந்தால் கார்டு மெய், ஒவ்வாவிட்டால் பொய். 64 ஜி.பி. கார்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். 2016-ல் இந்த ஒரு மணி நேரத்தைச் செலவிட்டிருந்தோமானால்... சரி, போகட்டும்.

இந்தச் சோதனையில் 64 ஜி.பி. கார்டு 59 சொச்சம் என்று காட்டினால் கடைக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டாம். கார்டு செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. பட்டணம் படிக்கும் ஊர்ப் படிக்கும் உள்ள வித்தியாசந்தான்.

மற்ற ஜாக்கிரதைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சோதனை முடிந்த பிறகு கார்டைக் காமிராவில் போட்டு, அந்தக் காமிராவைக் கொண்டே 'பார்மட்' செய்துகொள்ள வேண்டும். சிவப்பு விளக்கு எரியும்போது கார்டை உருவக்கூடாது. காமிரா அப்போது எழுதிக்கொண்டிருக்கிறது. கார்டின் இடது ஓரத்தில் ஒரு சிறு பூட்டு இருக்கிறதே, அதைத் தள்ளிவிட்டுக் காமிரா கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓடியவர்கள் உண்டு. தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால் மேற்கொண்டு ஒரு படங்கூட எடுக்காமல் கார்டை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அழிப்பதென்பது பெரும்பாலும் ஜாபிதாவில் பெயரை அடிப்பதுதான். மேலே வேறு எழுதாத வரையில் படம் உள்ளே இருக்கும். 'போட்டோரெக்' போன்ற இலவச நிரல்களால் மீட்கலாம். நம்முடைய 2016-ஆம் வருஷக் கார்டில் இந்த வித்தையும் பலிக்கவில்லை. எழுதப்படாததை எப்படி மீட்பது?

இன்னொன்று. கார்டு, நெல் வந்து இறங்கும் களமே தவிர, வருஷக் கணக்கில் வைத்திருக்கும் பத்தாயம் அல்ல. அறைக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்கள் நாளாவட்டத்தில் கசிந்து வெளியேறும். உஷ்ணம் அதிகமானால் சீக்கிரம் கசியும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டு வைப்பதும், படம் நிரம்பிய கார்டை ஐந்தாறு வருஷம் மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடுவதும் ஆபத்து. அன்றிரவே இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிட வேண்டும். ஒன்று நம் வீட்டில் இருக்கட்டும். மற்றது தமக்கை வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும்.

* * *

இரண்டு கார்டுகளும் சோதனையில் தேறின. இருந்தாலும் நிரல் சொன்ன சாட்சி மட்டும் நமக்குப் போதவில்லை. விசேஷ நாளுக்கு முன்னால் ஒரு முறை முழுக் கார்டையும் மெய்யான வேலையில் பழக்கிப் பார்த்துவிட வேண்டுமென்று தோன்றியது. சென்ற ஞாயிற்றுக்கிழமை தாயாரை ஊஞ்சலில் உட்கார வைத்தோம். தமக்கையின் மகன் காமிராவை முக்காலியில் ஏற்றினான்.

"என்னடா பேசச் சொல்கிறாய்?" என்றார் தாயார்.

"அப்பா சொல்வாரே, கொடி ஏறின கதை. அதைச் சொல், அம்மா."

"அவர் வாயால் கேட்டதைத்தான் நான் சொல்ல முடியும். தப்பிருந்தால் என்மேல் பழி போடாதே" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு தாயார் ஆரம்பித்தார். கொடித் துணி தைத்துக் கூலி வாங்க மறுத்தவர் மேலத் தெருத் தையற்காரர் என்பது வந்தது. அவர் பெயரும் வந்தது. கம்பம் நட இடம் கொடுத்தவர் பெயரைச் சொன்னபோது, "இல்லையம்மா, அப்பா வேறு பெயர் சொல்வார்" என்று தமக்கை குறுக்கிட்டாள். இருவரும் கால் மணி நேரம் வாதம் செய்தார்கள். அதுவும் பதிவாகியிருக்கிறது. கதர்க் குல்லாய்க்காரர் பெயர் மட்டும் இருவருக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை.

எழுபது நிமிஷம். கணக்குப்படி 52 ஜி.பி.க்குச் சற்று அதிகம். அன்றிரவே இரண்டு நகல்கள் எடுத்தோம். தாயார் தூங்கப் போகாமல் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் இருக்கிறதா?"

"இருக்கிறது, அம்மா."

"அப்பா கேட்டபோது, அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாயே, அந்த மாதிரி இல்லையே?"

நாம் பதில் சொல்லவில்லை. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, முதல் நிமிஷத்திலிருந்து ஓட விட்டோம்.